வாங்குறவங்க படம் போடுறதில்ல

இல்லம்மா, அது மட்டும் கிடையாது. எத்தன தடவ சுத்திச் சுத்திக் கேட்டாலும் அதேதான். ஏலத்துக்கு வந்த சாமானப் படம் புடி. என்னப் புடி. அந்த மூலையில பெட்டி கட்டிக்கிட்டு என்ன மொறைக்கிறா பாரு, என் கூட்டாளி டெனீஸ், அவளையும் புடி. உதவி வாங்குன குடும்பத்தோட படம் தர மாட்டேன்.

உங்க பத்திரிக ஆசிரியர் கோவிச்சுப்பாரா? தாராளமா கோவிச்சுக்கட்டும். நீ காப்பியக் குடி, ஆறிப்போவுது.

எப்படி ஆரம்பிச்சீங்கன்னுதானே முதல்ல கேட்ட. சுரங்கக் கம்பெனி ஆபீச மூடுனாங்க. எனக்கும் டெனீஸுக்கும் ஒரே நாள்ல சீட்டு கிழிஞ்சுது. அம்பது வயசுப் பொம்பளைக்கு மிஷிகன்ல, அதுவும் இந்த வடக்கு மூலையில, எவன் வேல குடுப்பான்? டெனீஸ்தான் சொன்னா, யாருக்காவது கஷ்டம்னா சர்ச்சுல ஏலம் விடுறாங்கல்ல, அதையே இன்டர்நெட்ல விடுவோம், ஏரியச் சுத்தி இருக்குற ஊரெல்லாம் வந்து கேக்கும்னு. வர்ற காசுல நூத்துக்கு எண்பத்தஞ்சு மாவட்ட நிவாரணச் சங்கத்துக்கு. பதினஞ்சு எங்களுக்கு. ஆமா, எடுத்துக்குறோம். தர்மம் பண்றவளுக்கும் வயிறு இருக்குல்ல?

ஜனங்க தானமாக் குடுக்குறத நீ பாக்கணும். மொத மாசமே, வேட்டையாடிப் பாடம் பண்ணி மாட்டுன மான் தல பன்னெண்டு வந்துச்சு. பொண்டாட்டிங்களுக்கெல்லாம் செவுத்துல இருந்து அத எறக்க ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கு. ஒருத்தி செத்துப்போன மாமியாரோட தலமுடி சுருட்டுற மெஷினக் கொண்டாந்தா, முடி அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. மேயரோட ஒருவேள சாப்பாடுன்னு ஒண்ணு போட்டோம். கேட்டது ஒரே ஆளு, அவரு பொண்டாட்டி. ஒருநாளாவது மனுஷன் வீட்டுல சாப்பிடட்டும்னு.

ஆறு மாசம் ஈ ஓட்டுனோம். அப்புறம் டெனீஸ் ஒரு வேல பண்ணா. யாரு அதிகமாக் கேக்குறாங்களோ அவங்க பேரும் படமும் எங்க இன்டர்நெட் பக்கத்துக்கு மேல பெருசா வர்ற மாதிரி வச்சா. அவ்வளவுதான். அறுவது டாலர் பெறாத பனி தள்ளுற மெஷினு ஏழுநூறுக்குப் போச்சு. பல் டாக்டரும் படகுக்கட ரஸ் நைக்விஸ்ட்டும் ஒரு ஆப்பிள் பை பலகாரத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க பாரு, ரெண்டு பேருக்கும் சர்க்கர வியாதி. குடுக்குறவன் மூஞ்சிய எவ்வளவு பெருசா வேணும்னாலும் போடுவோம்மா. அதான் எங்க பொழப்பே.

ரஸ்ஸத் தெரியுமில்ல? தெரியாம எப்படி, உங்க பத்திரிகையோட பின்பக்கம் பூரா அவரு விளம்பரம்தான. போன வாரம் ஒரு பழைய சவுனா அடுப்ப, அதான் நீராவிக் குளியலுக்கு மூட்டுறது, ரெண்டாயிரத்துக்கு எடுத்தாரு. எடுத்துட்டு இங்க வந்து, நீ உக்காந்திருக்குற அதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, லோர்னா, இந்தக் காசு எந்தக் குடும்பத்துக்குப் போவுதுன்னு சொல்லு, நானே நேர்ல போய்க் குடுக்குறேன், ஒரு படம் எடுத்துக் கடையில மாட்டணும்னாரு. அதெல்லாம் இல்லைன்னேன். எங்க காசு, யாருகிட்டப் போவுதுன்னு பாக்கக்கூட உரிம இல்லையான்னாரு. காசுக்கு அடுப்பு வந்துருச்சுல்ல ரஸ், வண்டியில ஏத்துங்கன்னேன்.

அடுப்ப ஏத்தல. இனிமே உங்க ஏலத்துல கேக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டாரு. எங்க வியாபாரத்துல மூணுல ஒரு பங்கு அவருதான். மறுவாரமே உங்க ஆசிரியருக்குத் திடீர்னு எங்க மேல அக்கற வந்து உன்ன அனுப்பி வச்சிருக்காரு. சரி, சரி, நான் உன்னச் சொல்லல. நீ என்ன பண்ணுவ.

டெனீஸ் ஒரு வாரமா எங்கூட முகம் குடுத்துப் பேசல. ஒரே ஒரு படம் லோர்னா, நம்ம ரெண்டு பேரு சோறுங்குறா. சரின்னு நானும் ஒரு வீட்டுக்குப் போனேன். மரம் வெட்டப் போன எடத்துல புருஷனுக்குக் கால் போச்சு. அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். நான் கேட்டு முடிக்கல, எடுத்துக்கோங்க மேடம், பிள்ளைங்களுக்கு மூஞ்சி கழுவி விடட்டுமான்னா. வேணாம்மான்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அவளே சரின்னாளேங்குறியா? வேற என்ன சொல்வா? நானும் அப்படித்தான் சரின்னேன்.

ஓ, உனக்குத் தெரியாதா. அப்போ நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்ப. பதினெட்டு வருஷம் ஆச்சு. எங்க வீடு எரிஞ்சு போச்சு. எரிஞ்ச வீட்டு முன்னாடி நானும் மூணு பிள்ளைங்களும் பனியில நிக்குறோம், பெரியவன் யாரோ குடுத்த பொம்பளப் பிள்ள கோட்டுல. உங்க பத்திரிகதான் எடுத்துச்சு. ஊர்ல ஒவ்வொரு கடையிலயும் கல்லாப்பெட்டி பக்கத்துல அந்தப் படம். ஏலம் விட்டாங்க, வீடு கட்டுனோம். நன்றி கெட்டவ இல்ல நான்.

அடுத்த வருஷம் பெரியவனுக்குப் பொறந்தநாளு. கறி வாங்கலாம்னு போனேன், நல்ல கறியா நாலு துண்டு. என் சம்பளக் காசு. வரிசையில எனக்குப் பின்னாடி ரஸ். கூடைய எட்டிப் பாத்துட்டு, ஓகோ, எங்க காசு இங்கதான் போவுதான்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, கெட்ட மனுஷன் இல்ல. பில்லு போடுற பொண்ணும் சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

அவருக்கா? அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது.

இல்லம்மா, கறிய வாங்கல. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வச்சுட்டு வந்துட்டேன்.