மஞ்சள் டோனர்

"ஹலோ... மலாகி, கேக்குதாடா?... ஆமா, ஆமா, அக்காதான். இன்னும் ஆக்லாந்து ஏர்போர்ட்லதானே இருக்க?... சரி, கேளு. நீ அனுப்பின பிரிண்டர் நேத்து நின்னது இன்னும் ஓடல."

நாளைக் காலை அப்பாவின் அடக்கம். அவர் படமும் பாட்டுகளும் போட்ட தாளை வந்தவர்கள் எல்லோர் கையிலும் கொடுத்தாக வேண்டும். நேற்று ஒரே ஒரு தாளைத் துப்பிவிட்டு, மஞ்சள் டோனர் தீர்ந்தது என்று மெஷின் படுத்துவிட்டது. அக்கா ஃபுவாதினோ அதை இரண்டு முறை அறைந்தும் பார்த்துவிட்டாள்.

"...அதையும் பாத்துட்டேன். கறுப்பு மட்டும் அடின்னாலும் மாட்டேங்குது. பாட்டு கறுப்புலதானடா இருக்கு, அதுக்கு எதுக்கு மஞ்சள்?... கேட்டாச்சு. இங்க ஆப்பியா டவுன்ல ஒரு கடை விடல. இந்த மாடலுக்கு டோனரே வராதாம்... எங்கடா கலர் அடிச்சேன்? சர்ச் நோட்டீஸ், அதுவும் கறுப்புல... என்ன, சுவிட்சா? ஆமா, இவரு தினமும் சாயங்காலம் அணைச்சிடுவாரு. முன்னாடியே காசு கட்டினாத்தானே எங்களுக்குக் கரண்ட்... ம்... ம்... சுவிட்ச் போடறப்பல்லாம் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குமா? நாலு கலரையும் கொட்டியா?"

வாசலில் பந்தலுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த புருஷனின் முதுகை அவள் முறைத்தாள். அவன் கரண்டில் மிச்சம் பிடித்ததற்கு மேல் மெஷின் தின்று தீர்த்திருக்கிறது.

"போன மாசம் டிரம் போச்சு. அதுக்கு முன்னாடி தாள் சிக்கிச்சு. இதுக்குப் போட்ட காசுக்கு ஒரு பன்னி வளத்திருந்தா நாளைக்குச் சாப்பாட்டுக்காவது ஆயிருக்கும்... சரி, நேத்துச் சொன்ன டோனர் வாங்கினியா?... புது மெஷினா?... நாலு டோனரைவிட மெஷினே மலிவா? புதுசுல பாதி டோனர்தாண்டா வச்சிருப்பான்... சரி, சரி. கத்தல. நாளைக்குப் போதும்."

அவளுக்கு மூச்சு வந்தது. இன்று இருட்டுவதற்குள் வந்துவிடுவான். அப்புறம்தான் இந்த மெஷினை வண்டியிலிருந்து இறக்க இரண்டு ஆள் பிடித்தது ஞாபகம் வந்தது.

"மலாகி, அத்தனை கனத்தைப் பிளேன்ல எப்படிடா ஏத்த விட்டான்?... ம்... உன் பெட்டிய வீட்டுலயே விட்டுட்டியா?... டேய். நீ வாங்கி வரேன்ன வெள்ளைக் கோட்டு எதுல இருக்கு?... அதுலயா?... இல்ல, அணைக்காத. பிளேன்காரங்க சொன்னா சொல்லட்டும், நீ போனை அணைக்காத. அப்பாவுக்கு எதைப் போட்டுப் பெட்டியில வைக்கிறது? மலாகி... மலாகி, அந்த மெஷினை இறக்கச் சொல்—"

லைன் அறுந்தது.