பத்துப் பொருத்தமும் ஒரு கிளிப்பும்

அவைத்தலைவர் ஐயாவு ஐயா அவர்களே, கவிநயாவைப் பெற்ற கனகராஜ் அங்கிள், கலாதேவி ஆன்ட்டி அவர்களே, அழுது ஓய்ந்து இந்த ஈப்போ மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம். நான் ரூபன், பள்ளி அறிவியல் கழகத்தின் துணைத்தலைவன். எங்கள் தலைவி கவிநயா நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன்.

யார் இந்தக் கவிநயா? துணி கிளிப்பை வைத்து உயிரை விளக்கியவள்! சர்க்கரை ஒன்று, பாஸ்பேட் ஒன்று, காரம் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் ஒரு நியூக்ளியோடைடு, அதுதான் ஒரு கிளிப். கிளிப்புகளை வரிசையாகக் கோத்தால் மரபணு. காரங்களில் அடினின் தைமினோடு சேரும், குவானின் சைட்டோசினோடு சேரும்.

"ஜோசியரே இல்லாம ஜோடி சேருது பாரு," என்றேன். சிரித்தாள். பிறகு ஒரே ஒரு கிளிப்பைக் கழற்றி மாற்றினாள்.

"குவானின் இருக்க வேண்டிய எடத்துல சைட்டோசின். இதாண்டா என் சீக்கு."

தலசீமியா, உடம்பில் இரத்தம் சரியாக ஊறாத நோய். அந்த மாறிய கிளிப் அப்பாவிடமும் ஒன்று, அம்மாவிடமும் ஒன்று, சத்தமில்லாமல் இருந்தது. இருவரும் சொந்தம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள்; இரத்தத்தைப் பார்க்கச் சொல்ல அன்று யார் இருந்தார்கள்? இரண்டும் இவளுக்கு வந்தன. மாதாமாதம் ஏற்றிய இரத்தம் உயிரைக் கொடுத்தது, இரும்பை இதயத்தில் விட்டுப் போனது. "இரும்பு மனுஷி" என்று கேலி செய்வேன். "உள்ளுக்குள்ள நெசமாவே இரும்புதான்லா," என்பாள். அந்த இரும்புதான் அவளைக் கொன்றது.

போன மாதம் வார்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அக்கா தினேஸ்வரிக்கு அத்தை மகனோடு பரிசம் போடும் முன் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை, அந்த மாறிய கிளிப் அவர்களிடமும் இருக்கிறதா என்று பார்க்க. "நல்ல காரியத்துக்கு முன்னால ரத்தம் எடுக்கறதா? அபசகுனம்லா," என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

"என்னயப் பாத்துக்கிட்டேவா சொல்றீங்க?" என்றாள். இன்றைக்காவது அவளுக்குப் பதில் சொல்வீர்களா?

அவள் பணியைத் தொடர்வோம் என்று முடிப்பது மேடை வழக்கம். தொடர்ந்தால் திரும்பி வருவாளா? வரமாட்டாள். எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. ஆனாலும், தினேஸ்வரி அக்கா, நாளைக் காலை கிளினிக் திறந்திருக்கும். அங்கிள், நீங்கள் அழைத்துப் போகாவிட்டால் என் மோட்டாரில் நான் அழைத்துப் போவேன். அத்தை மகன் வீட்டு வாசலிலும் போய் நிற்பேன். திட்டுங்கள், அடியுங்கள்.

அக்காவுக்கு என்றாவது பிறக்கும் பிள்ளைக்கும் இப்படி ஓர் இரங்கல் கூட்டத்தில் பேச என்னால் முடியாது.