பத்தாவது குறி

ஆர்லீன்: மபரிக்கா? பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு அனுப்ப மபரிக்கா குறி போட்ட? அந்த மனுஷன் பந்தைப் பிடிச்சதை விட...

நார்பெர்ட்: நானூத்தி அறுபது ஹோம் ரன், ஆர்லீன். அத்தனை தடவை பந்தை வேலிக்கு வெளிய அனுப்பினவன். நானூத்தி...

ஆர்லீன்: ...தவற விட்டதுதான் அதிகம். அவன் பக்கம் பந்து போனாலே நான் கண்ணை மூடிப்பேன்.

நார்பெர்ட்: மட்டையோட நின்னா பந்து வீசறவன் கண்ணை மூடிப்பான். எனக்கு அது போதும்.

ஆர்லீன்: சரி, தவாரெஸ்?

நார்பெர்ட்: போட்டாச்சு.

ஆர்லீன்: பீல்?

நார்பெர்ட்: முதல் குறியே பீலுக்குத்தான். கடைசி வருஷம் அவனுக்குக் கை தோளுக்கு மேல வரலை. அப்பவும் பந்து வீசிப் பதினோரு ஆட்டம் ஜெயிச்சான்.

ஆர்லீன்: பந்துல எச்சில் தடவுவான்.

நார்பெர்ட்: யாரும் பிடிக்கலை இல்ல?

ஆர்லீன்: ஓ... பிடிபடாம இருந்தா புகழ் மண்டபத்துக்குள்ள விட்டுடலாம். நல்ல சட்டம்.

நார்பெர்ட்: காபி ஆறுது. குடி.

ஆர்லீன்: மொத்தம் எத்தனை ஆச்சு?

நார்பெர்ட்: ஒன்பது.

ஆர்லீன்: பத்து பேருக்குப் போடலாம்.

நார்பெர்ட்: போடலாம்னுதான் இருக்கு. போட்டே ஆகணும்னு இல்லை.

ஆர்லீன்: ரே ஹோலுப்.

நார்பெர்ட்: இன்னும் கொஞ்சம் காபி ஊத்து.

ஆர்லீன்: காது கேக்காத மாதிரி நடிக்காத. காது மெஷினைக் காலையில மாட்டி விட்டதே நான்தான்.

நார்பெர்ட்: வருஷா வருஷம் இதே பாட்டு.

ஆர்லீன்: அடுத்த வருஷம் பாடறதுக்கு இருக்காது. பத்து வருஷம்தான் ஓட்டுச் சீட்டுல பேர் இருக்கும், அவனுக்கு இது பத்தாவது. போன தடவை ஏழு ஓட்டுல போச்சு. இப்பவும் போச்சுன்னா பேரையே எடுத்துருவாங்க.

நார்பெர்ட்: ஏழுல நான் ஒருத்தன். மீதி ஆறு பேரைப் போய்க் கேளு.

ஆர்லீன்: அந்த ஆறு பேரும் நீ எழுதினதைப் படிச்சவங்க.

நார்பெர்ட்: படிக்கத்தான் எழுதறது.

ஆர்லீன்: ரெண்டாயிரத்து ஐநூறு அடி அடிச்சவன், நார்ப். ரெண்டாவது பேஸ்ல அவன் காவல் நின்னா ஈ நுழையாது. அவன் வெளிய, மபரி உள்ள. சொல்றப்பவே சிரிப்பு வரலை உனக்கு?

நார்பெர்ட்: எதுக்குன்னு உனக்கே தெரியும்.

ஆர்லீன்: ‘ஒரு எண்ணைக் காப்பாத்த ஊரையே ஏமாத்தினவன்.’ தலைப்பு எனக்கு மனப்பாடம்.

நார்பெர்ட்: சீசனோட கடைசி ஞாயிறு. அவன் சராசரி சரியா முந்நூறு. பத்துக்கு மூணு. இறங்கி ரெண்டு தடவை அடிக்காம விட்டா முந்நூறு போயிடும். அதனால பெஞ்சை விட்டே எழுந்திரிக்கலை. குழந்தை குட்டியோட டிக்கெட் வாங்கி வந்த ஜனம் பார்த்துட்டே இருந்துது...

ஆர்லீன்: அதுக்கப்புறம் மூணு வருஷம், எந்த ஊர்ல இறங்கினாலும் ‘உக்காரு, உக்காரு’ன்னு கத்தினாங்க.

நார்பெர்ட்: நான் கத்தச் சொல்லலை.

ஆர்லீன்: சொல்லிக் கொடுத்த.

நார்பெர்ட்: தபால் ஆபீஸ் பன்னெண்டுக்கு மூடிடும். இன்னைக்குத் தேதி முத்திரை விழலைன்னா சீட்டே செல்லாது. ஏரிக்கரை ரோடு பூரா பனி. என் பூட்ஸ் எங்க?

ஆர்லீன்: உக்காரு. பேப்பர்ல உன் பத்தியை நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு. முன்ன மாதிரி யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன்னு ஊருக்கு எழுத வேண்டாம். போட்டு ஒட்டினா முடிஞ்சுது.

நார்பெர்ட்: சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு.

ஆர்லீன்: என்கிட்டயும் ஒண்ணு இருந்துது. பதினெட்டு வருஷமா.

நார்பெர்ட்: என்ன?

ஆர்லீன்: ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டிருந்தேன் இல்ல...

நார்பெர்ட்: முப்பது வருஷம். அதுக்கென்ன இப்ப?

ஆர்லீன்: அந்த ஞாயித்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஆட்டம் முடிஞ்சு ஹோலுப் வந்தான். வேற பேர்ல. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுட்டு. கையை நீட்டுப்பான்னேன்... இடது கட்டைவிரல் எலும்பு ரெண்டு துண்டு. சறுக்கி விழுந்ததுல போயிருக்கு. யார்கிட்டயும் காட்டலை. அந்த மாசம் ஒப்பந்தம் முடியுது, வயசு முப்பத்தஞ்சு. கையும் போச்சுன்னு தெரிஞ்சா யாரு எடுப்பா? வீட்டுல மூணு பிள்ளைங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மான்னான். பெரிய ஆளு, சின்னப் பிள்ளை மாதிரி நின்னான்.

நார்பெர்ட்: பதினெட்டு வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு...

ஆர்லீன்: படுத்துட்டுதான் இருந்தேன். உன் குறட்டையில எங்க தூங்க?

நார்பெர்ட்: அவன் ஆட்டத்தை விட்டப்புறமாவது சொல்லியிருக்கலாம்.

ஆர்லீன்: படம் எடுக்க வந்தவங்க சொன்னதை வெளிய சொல்ற பழக்கம் எனக்கில்லை. அதுவும் பேப்பர்க்காரன்கிட்ட. கையை மறைச்சுக் கிளப்பை ஏமாத்தினான்னு இன்னொரு பேர் வரும். சீட்டுலயே ஒழுக்கம்னு ஒரு வரி அச்சடிச்சிருக்காங்களே. இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்... இன்னைக்கு விட்டா அப்புறம் சொல்லி என்ன? அந்தக் கட்டுரை வந்த அன்னிக்கு உனக்கு முட்டை கருகிப் போச்சு. வேணும்னேதான் கருக விட்டேன்.

நார்பெர்ட்: கண்ணாடி எங்க?

ஆர்லீன்: நெத்தியில.

நார்பெர்ட்: கட்டத்தை இவ்வளவு சின்னதா அச்சடிச்சா... இதோ. ஹோலுப். பத்து.

ஆர்லீன்: நார்ப்...

நார்பெர்ட்: மடிக்காத. மை காயட்டும்.

ஆர்லீன்: மனசைப் போட்டு வதைச்சுக்காத. உனக்கு எப்படித் தெரியும்? தெரியாம எழுதினது பொய்யில சேராது.

நார்பெர்ட்: அந்தச் சனிக்கிழமை உன் கார் ஒர்க்‌ஷாப்ல கிடந்துது.

ஆர்லீன்: ஆமா. நீதான் கூட்டிட்டுப் போக வந்த. பின்வாசல்ல காரை நிறுத்திட்டு...

நார்பெர்ட்: கையில கட்டோட அவன் அந்த வழியாத்தான் வெளிய வந்தான். என்னைப் பார்த்ததும் மூஞ்சியில ரத்தமே இல்லை. ‘நாளைக்கு நான் இறங்க மாட்டேன். சராசரிக்காக உக்காந்துட்டான்னு எழுதுங்க சார், நல்லாத் திட்டி எழுதுங்க, அப்பத்தான் எவனும் கையைப் பத்திக் கேக்க மாட்டான்’னு அவன்தான் சொன்னான். எழுதினேன். அப்புறம் வருஷா வருஷம் குறி போட்டா ஏன் மாறினேன்னு எழுதணும்... எதை எழுத? இந்தத் தடவை சும்மா போட்டாலும் ஏன்னு நீ கேட்டிருப்ப, அவனுக்குக் கொடுத்த வாக்கு போயிருக்கும். அன்னிக்குக் கொஞ்சம் சுமாரா எழுதியிருக்கலாம், ஆர்லீன். ரொம்ப நல்லா எழுதிட்டேன்.