நிர்வாகக் காரணங்களால்

வேணாங்க்கா, எனக்குத் தாகம் இல்ல. நீங்க குடிங்க. மூடியே திறக்கல, பாருங்க. அந்த நர்ஸ் பொண்ணு இப்பதான் கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. வேணாமா? சரி, இப்படி ஓரமா இருக்கட்டும்.

நீங்க எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி அந்தப் பொண்ணக் கேக்காதீங்கக்கா. தெரிஞ்சா சொல்லாதா? குடல்வால்தானே உங்க பையனுக்கு. இப்பல்லாம் அது பல்லு புடுங்குற மாதிரி. நீங்க ஒவ்வொரு தடவ போகும்போதும் அது என்ன சொல்லுது, கொஞ்ச நேரத்துலன்னு. கொஞ்ச நேரம்னா எவ்ளோ நேரம்னு அதுக்கும் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்னா, என் பொழப்பே அதச் சொல்றதுதான்.

ஏர்போர்ட்டுல. ஐயோ, பறக்குற வேலை இல்லக்கா. எல்லாரும் அதான் கேக்குறாங்க. இந்த உடம்ப வெச்சுக்கிட்டு நான் ஏறுனா ப்ளேன் ஒரு பக்கமா சாஞ்சுரும். நான் கேட்டுல நிக்கிறவ. சீட்டக் கிழிச்சு உள்ள விடுவாங்கல்ல, மைக்ல பேசுவாங்கல்ல, அது. பயணிகளின் கனிவான கவனத்திற்குன்னு ஒரு குரல் வருமே, அதுவேதான். நேர்ல கேட்டா நம்ப மாட்டாங்க. வீட்டுல எனக்கு வேற குரல்.

எங்க வீட்டுக்காரரும் அங்கதான். நான் மேல, அவரு கீழ. பெட்டி ஏத்துறவரு. கேட்டு கண்ணாடி வழியா பாத்தா கீழ ப்ளேன் நிக்கிறது தெரியும். எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு சட்டை, காதுல பெரிய அடைப்பான், யாரு எவருன்னு தெரியாது. இவரு மட்டும் ப்ளேன் வயித்துக்குள்ள நுழையுறதுக்கு முன்னால மேல பாத்து ஒரு தடவ கைய ஆட்டுவாரு. கல்யாணமான புதுசுல ஆரம்பிச்சது. பொண்ணு எட்டாவது படிக்குது, இன்னும் விடல. உங்களுக்கு வெக்கமே இல்லையான்னு கேட்டா, கொசு விரட்டுனேன்டின்னுவாரு.

ஆமாக்கா. உள்ள இருக்குறது அவருதான். வண்டி இடிச்சிருச்சு. ரோட்டுல இல்ல, ப்ளேன் பக்கத்துலயே. நேத்து மத்தியானம்.

எப்படின்னா என்ன சொல்ல. அங்க சும்மா நிக்கிறவருன்னு ஒரு ஆளு உண்டு. நெசமாவே அதான் பேரு. பெட்டி ஏத்த ஒரு பெல்ட் வண்டி இருக்கும்க்கா, ப்ளேன் கதவோட ஒட்டி நிப்பாட்டுவாங்க. ஏத்தி முடிச்சதும் ரிவர்ஸ் எடுக்கணும். ஓட்டுறவருக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாது. கத்துனாலும் கேக்காது, அவ்ளோ இரைச்சல். அதனால ஒருத்தரு தள்ளி நின்னு வா, வா, நில்லுன்னு கை காட்டுவாரு. பெட்டியத் தொட மாட்டாரு. இடுப்பு புடிச்சவங்க, அடிபட்டு லீவு முடிஞ்சு வந்தவங்க, மாத்தி மாத்தி அந்த இடத்துல நிப்பாங்க. அதான் கேலியா அந்தப் பேரு.

போன வருஷம் எங்க மேனேஜ்மென்ட் மாறுச்சு. ஆட்டக் கடிச்சு மாட்டக் கடிச்சுன்னு சொல்வாங்கல்ல, அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. முதல்ல ஓய்வறையில டீ நின்னுச்சு. அப்புறம் வீட்டுல கொண்டு விடுற வேன். அப்புறம் எங்க கேட்டுல ரெண்டு பேருக்குப் பதிலா ஒருத்தர். நான் பாத்ரூம் போகணும்னாக் கூட ப்ளேன் போனாதான். கடைசியில கோட்டு போட்ட ஒருத்தரு வந்து கண்ணாடி வழியா கீழ பாத்துக்கிட்டே நின்னாரு. செலவக் குறைக்க ஐடியா குடுக்குற ஆளாம். சூப்பர்வைசரக் கூப்பிட்டு, அந்த ஆளு ஏன் சும்மா நிக்கிறாருன்னு கேட்டாரு. அவரு வேலையே அதான் சார்னு சூப்பர்வைசரு சொன்னாரு. அந்தாளு சிரிச்சாரு பாருங்க, ஏதோ ஜோக்கு கேட்ட மாதிரி.

அடுத்த மாசமே எந்த ப்ளேனுகிட்டயும் சும்மா நிக்கிறவரு இல்ல.

கேக்காம என்ன. யூனியன்ல போயிக் கேட்டாங்க. வண்டிக்குக் கேமரா மாட்டுறோம், பாத்து ஓட்டச் சொல்லுங்கன்னாங்க. கேமரா வந்துக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரரு சொல்வாரு, நமக்கு முதுகுல கண்ணு மொளைக்கிற வரைக்கும் அவங்க காத்திருக்காங்கன்னு. அவருக்கு எல்லாம் வெளையாட்டு. திட்டுனா, அழுதா மட்டும் ஆளப் போடுவாங்களான்னுவாரு.

அதோட விட்டாங்களா? எங்க வாயிலயும் கைய வெச்சாங்க. முன்னெல்லாம் லேட்டானா என்ன ஏதுன்னு சொல்லுவோம். மழை, மேகமூட்டம், சக்கரத்துல பழுது. காரணத்தச் சொன்னா பயணிங்க கேசு போடுறாங்களாம். அதனால என்ன நடந்தாலும் ஒரே வார்த்தைதான் சொல்லணும்னு உத்தரவு. நிர்வாகக் காரணங்களால். பைலட்டு வரலயா, நிர்வாகக் காரணம். டயர் வெடிச்சிருச்சா, நிர்வாகக் காரணம்.

வீட்டுல இது பெரிய கூத்துக்கா. பால் பொங்கி வழிஞ்சா, நிர்வாகக் காரணங்களால் இன்று காபி இல்லைன்னு அவரு மூக்கப் புடிச்சுக்கிட்டு என் குரல்லயே சொல்வாரு. பொண்ணு கணக்குல மார்க்கு கம்மியா வாங்கிட்டு வந்து, நிர்வாகக் காரணம்ப்பான்னு நின்னுச்சு. அவரு அடிக்கக் கைய ஓங்கிட்டுச் சிரிச்சுட்டாரு.

நேத்து எனக்குக் கூட்டமான கூட்டம். எல்லாரும் எந்திரிச்சு வரிசையில நின்னுட்டாங்க. அப்ப சூப்பர்வைசரு வாக்கிடாக்கில வந்தாரு. கிளம்ப நேரமாகும்மா, வழக்கமானதப் போட்டுருன்னாரு. போட்டேன். திரும்பிக் கண்ணாடியில பாத்தா, கீழ ஆரஞ்சு சட்டையெல்லாம் ஒரே இடத்துல குமிஞ்சு நிக்குது. யாருக்கோ மயக்கம் போலன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே நிக்கவும் முடியல, இந்தப் பக்கம் சட்டையப் புடிக்காத குறை. டை கட்டுன ஒருத்தரு மேசையத் தட்டி, அது என்னங்க நிர்வாகக் காரணம், மனுஷனுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கன்னாரு. எங்களுக்கும் அவ்ளோதான் சார் தெரியும்னேன். பின்னால இருந்து இன்னொருத்தரு, எவனாவது பெட்டி தூக்க வலிக்குதுன்னு கீழ படுத்திருப்பான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பயணிங்க முன்னால மூஞ்சி கோணக் கூடாது, அது எங்களுக்கு முதல் பாடம்.

அவரு கீழ படுத்துதான் இருந்தாருக்கா.

திரும்பத் திரும்ப மைக்ல சொன்னேன். வேற ப்ளேன் குடுத்து, வேற கேட்டுக்கு மாத்தி, அத்தன பேரையும் ஏத்தி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம்தான் சூப்பர்வைசரு வந்து நின்னாரு. அவருக்கு மொதல்லயே தெரியும். உன்ன விட்டா கேட்டுல வேற ஆளு இல்லம்மா, அதான் சொல்லலன்னாரு. அவரத் திட்டி என்ன பண்ண. அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஆளு இல்லன்னு அவரு சொன்னது பொய்யும் இல்ல.

பாத்துக்கோங்க, எங்க வீட்டுக்காரரப் பத்திதான் நான் மைக்ல பேசிக்கிட்டு இருந்திருக்கேன். எத்தன நாளா எத்தன பொய்யி அந்த வார்த்தைய வெச்சு சொல்லியிருப்பேன். நேத்துதான் அது உண்மையாச்சு. நிர்வாகந்தான் காரணம். அத நானே, கனிவான கவனத்திற்குன்னு, ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கேன். ஒருத்தருக்கும் புரியல. எனக்கே புரியல.

காலையில ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. எப்படி இருக்காருன்னு கேக்கத்தான்னு நெனச்சேன். ரிவர்ஸ் வர்ற வண்டிக்குப் பின்னால அவரு ஏன் நின்னாரு, முன்னாடியும் இப்படி கவனக்குறைவா இருந்திருக்காரான்னு கேக்குது. அதையும் கொறை சொல்ல முடியாது, அதுக்குச் சொல்லிக் குடுத்ததக் கேக்குது. என்ன செய்ய, அடுத்த வாரம் போயி நான் அதே மைக்கத்தான் புடிக்கணும். பொண்ணு படிக்கணும்ல. கண்ணாடிப் பக்கம் மட்டும் திரும்பாம நிக்கப் பழகிக்கணும்.

எங்கக்கா திரும்ப எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. அந்த நர்ஸ் பொண்ணு உங்கள என்ன சொல்லுச்சு? ஓரமா நில்லும்மா, வழிய மறைக்காதன்னுச்சா? சிடுசிடுன்னா? நல்லதுக்கா. சிடுசிடுன்னே இருக்கட்டும்.

இல்ல, எங்க கேட்டுல ஒரு வழக்கம் உண்டு. லேட்டுன்னா ஒண்ணும் குடுக்க மாட்டோம், நீ பாட்டுக்குக் கத்துன்னு விட்டுருவோம். ப்ளேனே கிடையாதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்கன்னு வைங்க, அத வாயால சொல்றதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு தண்ணி பாட்டில் குடுப்போம். சிரிச்சு, தோளத் தொட்டு, கொஞ்ச நேரத்துல சொல்லிருவாங்கன்னு. கையில ஒண்ணு இருந்தா மனுஷன் கத்த மாட்டான்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

காலையில இருந்து என்னையும் அந்த நர்ஸ் பொண்ணு அதட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. இப்ப வந்து அக்கான்னு கூப்பிட்டு, பக்கத்துல உக்காந்து, டாக்டர் கொஞ்ச நேரத்துல வந்து பேசுவாருன்னு சொல்லி இந்த பாட்டில வெச்சுட்டுப் போகுது.

உங்களுக்குத் தண்ணி குடுக்கலல்ல? அப்ப உங்க பையன் வந்துருவான்க்கா. பயப்படாம உக்காருங்க.