தோற்ற விடைத்தாளுக்கு நன்றி

மை தொட்ட தூரிகையைக் கையில் பிடித்தபடியே, "சரி, சுருக்கமாகச் சொல்" என்று எனக்கு இடம் தந்த பள்ளித் தலைவர் அவர்களே! குதிரைமயிர்த் தொப்பி காற்றில் பறந்துவிடாமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் தாடியை நீவிக்கொண்டிருக்கும் சான்றோர்களே! பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மாணவத் தோழர்களே! "துணி துவைக்கப் போகிறோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று காது கொடுக்கும் தாய்மார்களே! உங்கள் தலைச்சுமைக் கூடைகள் மதிலுக்கு மேலே தெரிகின்றன, அம்மா. ஒளிய வேண்டாம். இன்றைய பேச்சில் பாதி உங்களுக்குத்தான். உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்!

என் பெயர் மா ஒக்மான். வடக்கே அம்னோக் ஆற்றங்கரைக் காவற்கோட்டையில் நான்கு குளிர்காலம் நின்றவன். அக்கரை மஞ்சு இனத்தாரின் குதிரைப்படை உறைந்த ஆற்றின்மேல் ஓடி வந்தபோதும் அங்கேயே நின்றவன். இருபத்து மூன்று நாள் நடந்து இந்தத் தெற்கத்தி ஊருக்கு வந்திருக்கிறேன். எதற்கு? ஒரு மனிதருக்கு நன்றி சொல்ல. வந்து பார்த்தால் என்ன நடக்கிறது? அதே மனிதரின் பெயர்மீது கோடு இழுக்க நீங்கள் கூட்டம் கூட்டியிருக்கிறீர்கள்!

நம்குங் தோ. அதோ, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஏழு முறை அரசுத் தேர்வு எழுதி ஏழு முறையும் தோற்றவர். ஏழு முறை தோற்றவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிப்பது இந்தப் பள்ளியின் விதி. அடித்துவிட்டால் அவர் இனி எந்தத் தேர்வும் எழுத முடியாது. இளவேனில் வழிபாட்டில் உங்களோடு வரிசையில் நிற்கவும் முடியாது. தலைவர் அவர்களே, அந்தத் தூரிகை தாளைத் தொடுவதற்கு முன்னால் என் சொல் உங்கள் செவியைத் தொடட்டும். அதன்பிறகு உங்கள் விருப்பம்.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? வேல் பிடித்த கைக்கு வாய் ஏது என்றா? எங்கள் கோட்டையில் காவலுக்கு நின்ற பிக்கு ஒருவர் இருந்தார். குளிருக்கு நாக்கு விறைத்துவிடக் கூடாதென்று நாள் முழுக்க எங்களைப் பேச வைப்பார். அவர் வளர்த்த வாய் இது. பிடிக்காவிட்டால் அவரைத் திட்டுங்கள்.

பெரியோர்களே! படைவீரன் என்றதும் உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது? இரும்புக் கவசமா? இறகு வைத்த தலைக்கவசமா? அதெல்லாம் தளபதிக்கு. என் தலையில் இருந்தது அழுத்திச் செய்த கம்பளித் தொப்பி. மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும், பேன்களுக்கு மட்டும் பேரரண்மனை. என் தோளில் திரித் துப்பாக்கி. என் மணிக்கட்டில் திரிச் சுருள். என் இடுப்பில் என்ன? மருந்து வைத்த சுரைக்குடுக்கை. மருந்தென்றால் இருமலுக்கில்லை, தாய்மார்களே, வெடிக்கு! அதன் பக்கத்தில் மூன்று சோடி வைக்கோல் செருப்பு. இன்னொரு பக்கம் பெயர் பொறித்த மரச்சில்லு; செத்தால் யார் என்று தெரிவதற்கு. பையில் வறுத்த மாவு. அப்புறம் ஒரு முழம் பழுப்புத் துணி. அது கைக்குட்டை இல்லை, ஐயா, அதுதான் குழம்பு! சோயாச் சாற்றில் ஊற வைத்து, காய வைத்து, மறுபடி ஊற வைத்த துணி. ஒரு விரல் அகலம் வெட்டிக் கொதிநீரில் போட்டால் ஒன்பது பேருக்குச் சாறு. கடைசிக் குளிர்காலத்தில் அந்தத் துணியும் தீர்ந்துபோய், என் தோழன் தொக்போ தன் காலுறையைக் கழற்றி, "இதையும் போட்டுப் பாருங்கடா, ருசி கூடினாலும் கூடும்" என்றான்.

சிரியுங்கள், சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம்.

இதையெல்லாம் விடப் பெரிய உடைமை ஒன்று இருந்தது. குளிர் அங்கி! பஞ்சு போதவில்லை. எல்லையில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். பஞ்சு எத்தனை பேருக்கு வரும்? அப்போது அரசு என்ன செய்தது? தோற்றவர்களின் தேர்வுத் தாள்களை மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பியது. மல்பெரிப் பட்டையில் செய்த தாள். தோல்போலத் தடிப்பு, துணிபோல உழைப்பு. அதைக் கசக்கி, மடித்து, இரண்டு துணிக்கு நடுவே வைத்துத் தைத்தவர்கள் யார்? மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்களே, அவர்களைப் போன்ற தாய்மார்கள்! எந்த ஊர்த் தாய் தைத்தாள் என்று தெரியாது. எவன் உடுத்தப்போகிறான் என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் தையல் ஒவ்வொன்றும் தன் பிள்ளைக்குத் தைத்த தையல்! அந்தக் கைகளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறேன், அம்மா!

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். பிக்குவைத் தவிர எங்களில் எவனுக்கும் எழுத்துத் தெரியாது. அங்கியின் கிழிசலில் கறுப்பு எழுத்துத் தெரிந்ததும் நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? அம்பு துளைக்காமலிருக்க அரசர் எழுதி அனுப்பிய மந்திரத் தகடு என்று நினைத்தோம்! காலையில் எழுந்ததும் அங்கியைக் கும்பிடுவோம். யார் மந்திரம் பெரிது என்று சண்டை வேறு.

"எங்கிட்டதாண்டா மை அதிகம். பாரு, முழுக்கக் கறுப்பு!" என்பேன் நான்.

"போடா, என் அங்கியும் உன் அங்கியும் ஒரே கட்டுல வந்தது. உனக்கு மந்திரத்தோட தலை, எனக்கு வால். வால்லதான் விஷமே இருக்கும்!" என்பான் தொக்போ.

பனி வாசலை அடைத்த ஒரு பகலில், சண்டை தாங்காமல் என் அங்கியின் தையலைப் பிரித்துப் பிக்குவிடம் நீட்டினேன். "சாமி, படிங்க. எது பெரிசுன்னு தெரிஞ்சிரட்டும்."

பிக்கு படித்தார். படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட மண்டுகளா, இது மந்திரமில்ல. உழவை வளர்ப்பது எப்படின்னு கேட்ட கேள்விக்கு எவனோ எழுதின பதில். ஓரத்துல சிவப்பு மை. தேறலன்னு போட்டிருக்கு."

எங்கள் முகங்கள் எப்படிப் போயிருக்கும், நினைத்துப் பாருங்கள்! நாள் தவறாமல் கும்பிட்டது தோற்ற தாளையா? தொக்போதான் முதலில் வாயைத் திறந்தான். "சரி, உழவுன்னா நமக்கும் தெரியும்ல. என்னதான் சொல்றான், படிங்க சாமி."

படித்தார். 'வாற்கோதுமையை நெல் அறுத்த கையோடு பத்தாம் மாதத்தில் விதைக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்! ஒன்பது வடக்கத்தி உழவர்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம்.

"பத்தாம் மாசமா! விதைச்சா குருவிக்குக் கூட மிஞ்சாது, பனியில செத்துரும்!"

"இவன் தெக்கத்தி ஆளுடா. இவன் ஏர் பிடிச்சதே இல்ல, எவனோ பிடிச்சதை வேலிக்கு அந்தாண்ட நின்னு பார்த்திருக்கான்."

நம்குங் தோ ஐயா, கோபப்படாதீர்கள். தேர்வாளர் உங்களை ஏழு முறை தோற்கடித்தார். நாங்கள் அந்தக் கோட்டையில் எழுபது முறை தோற்கடித்தோம்! ஆனால் ஒன்று கேளுங்கள். உறைகுளிரில் பேச்சு நின்றவன் தூங்குவான், தூங்கியவன் எழுந்திருக்கமாட்டான். பக்கத்துக் கோட்டையில் அப்படிப் பதினொரு பேர் போனார்கள். எங்களில் ஒருவன்கூடப் போகவில்லை. ஏன்? உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், ஐயா! வாற்கோதுமைச் சண்டை எங்களைக் காத்தது!

தாள் பாதி வாக்கியத்தில் வெட்டுப்பட்டிருந்தது. 'விதைப்பவன் கையில் முதலில் இருக்க வேண்டியது' என்பதோடு நின்றது. மீதி எங்கே? தொக்போவின் அங்கியில்! அவன் பிரிக்கவிடவில்லை.

"இதைத் தைச்ச கை எவ கையோ, என்ன அழகாத் தைச்சிருக்கா. பிரிக்க மாட்டேன் போ. முடிவு எங்கிட்ட இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க யோசிங்கடா."

யோசித்தோம். விதை என்றான் ஒருவன். ஏர்ப்பிடி என்றான் இன்னொருவன். பொறுமை என்றார் பிக்கு. "சாமி, பொறுமையைக் கையில எப்படிப் பிடிக்கிறது?" என்று அவரையும் உட்கார வைத்தோம். கடைசியில் தொக்போ சொன்னான்: "முதல்ல கை இருக்கணும்டா. சண்டையில போகாம, உசிரோட ஊர் திரும்பின கை."

எல்லோரும் அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டோம்.

என் தாளின் ஓரத்தில் ஒரு மடிப்பு இருந்தது. உங்களுக்குத் தெரியாததா? எழுதியவன் பெயரும் ஊரும் நான்கு தலைமுறை முன்னோரும் அதற்குள். மடித்து மடித்து ஒட்டி முத்திரை வைப்பீர்கள். தேறியவன் மடிப்பைத்தான் பிரிப்பார்கள். தோற்றவன் மடிப்பு மூடியபடியே கிடக்கும். நான் பிரிக்கப் போனேன். பிக்கு கையைத் தட்டிவிட்டார். "வேணாம்டா. தோத்தவன் மானம் அதுக்குள்ள இருக்கு." மூடிய மடிப்பை இடது மார்புப் பக்கம் வைத்து, மீன்முள் ஊசியால் மறுபடி தைத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தின் கடைசியில், ஆறு உருகும் முன்னே, ஒரு காலை குதிரைகள் வந்தன. பனிக்கட்டி அதிரும் ஒலி முதலில் வந்தது, பிறகு அம்பு வந்தது. என் மார்பில் ஓர் அம்பு! விழுந்தேன். செத்தேன் என்று கண்ணை மூடினேன். மூச்சு வந்தது! கையை உள்ளே விட்டேன். அம்பின் முனை துணியைத் துளைத்து, தாளைத் துளைத்து, அந்த மடிப்பின் கடைசிச் சுற்றில் சிக்கி நின்றிருந்தது. முத்திரை உடைந்து மடிப்பு விரிந்திருந்தது. தேர்வாளர் ஏழு முறை திறக்காத பெயரை எதிரியின் அம்பு திறந்தது, அவையோரே! பிறகு பிக்கு அதைப் படித்துச் சொன்னார்: நம்குங் தோ. இந்த ஊர். அம்பு நின்ற இடம் அவருடைய கொள்ளுப்பாட்டனார் பெயர்மேல்!

தொக்போவை அன்றே இழந்தோம். ஈட்டி கழுத்தில் பாய்ந்தது. அங்கியில் ஒரு கீறல்கூட இல்லை. எவ்வளவு நல்ல தையலானாலும் கழுத்துக்குத் தாள் வைத்துத் தைக்க முடியுமா, தாய்மார்களே? அவன் ஆசைப்படியே ஒரு தையலும் பிரிக்காமல் அந்த அங்கியோடு புதைத்தோம். முடிவு அவனோடு மண்ணுக்குள் போயிற்று.

ஆகவே நான் நடந்து வந்தது நன்றி சொல்ல மட்டுமில்லை. நம்குங் தோ ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். ஒன்பது பேர் ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தோம். விதைப்பவன் கையில் முதலில் இருக்க வேண்டியது எது? என்ன எழுதினீர்கள்?

சத்தமாகச் சொல்லுங்கள், ஐயா, முன்வரிசைக்குக் கேட்கவில்லையாம்.

"எழுதலங்க."

என்ன?

"முடிக்கலங்க. திறந்த முற்றத்துல தேர்வு. அன்னைக்கு அப்படி ஒரு குளிரு. மைக்கல்லுல மை உறைஞ்சு போச்சு. விரல் மடங்கல. நேரம் முடிஞ்சுதுன்னு முரசு அடிச்சுட்டாங்க. அதுக்குக் கீழ வெறும் தாளு."

வெறும் தாள்...

பொறுங்கள், அவையோரே.

அப்படியானால் என் தொக்போ மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தது வெற்றுத்தாளையா? "முடிவு எங்கிட்ட இருக்கு" என்று பெருமை பேசியது வெற்றுத்தாளை வைத்துக்கொண்டா? டேய் தொக்போ, கேட்டியாடா? உங்கிட்ட ஒண்ணுமே இல்லடா! நீ சொன்னதுதாண்டா முடிவு!

நம்குங் தோ ஐயா, தலையைக் குனியாதீர்கள்! உங்கள் மை உறைந்தது; எங்கள் இரத்தம் உறையவில்லை. நீங்கள் குளிரில் விட்ட வாக்கியத்தை அதைவிடக் கொடிய குளிரில் ஒருவன் முடித்து வைத்திருக்கிறான். ஊர் திரும்பிய கை! இதோ, இந்தக் கை! இவ்வாண்டு வாற்கோதுமை விதைத்த கை. பத்தாம் மாதத்தில் இல்லை, ஐயா, பனி உருகிய பிறகு! இந்தக் கையால் உங்களைக் கும்பிடுகிறேன்.

அங்கே யார் அது? "ஒருத்தன் உயிர் பிழைச்சா விதியை மாத்திடணுமா?" என்று கேட்கும் பெரியவரே, நல்ல கேள்வி. விதியை மாற்றச் சொல்லவில்லை. விதியின் இன்னொரு பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். எல்லோரும் தேறிவிட்டால் எல்லையில் நாங்கள் எதை உடுத்துவது? நூறு பேர் எழுதினால் ஒருவர் தேறுகிறார்; அவருக்குப் பட்டாடை, பல்லக்கு, பறைமுழக்கம். மீதித் தொண்ணூற்றொன்பது பேரின் உழைப்பு எங்கே போயிற்று என்று என்றாவது கேட்டீர்களா? என் முதுகுக்குப் போயிற்று! தேறியவர்கள் நாட்டை ஆண்டார்கள். தோற்றவர்கள் நாட்டைக் காத்தார்கள். எழுதவிடுங்கள், ஐயா! தேறினால் நாட்டுக்கு ஓர் அதிகாரி. தேறாவிட்டால் ஒரு தாய் பெற்ற பிள்ளைக்கு ஓர் அங்கி. எப்படிப் போனாலும் நட்டமில்லாத இந்தக் காரியத்துக்கு எதற்கு ஐயா ஒரு கறுப்புக் கோடு?

தலைவர் அவர்கள் ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி.

"தூரிகை காஞ்சு போச்சு. இனிமே இன்னைக்குக் கோடு விழாது. அவரை இலையுதிர்காலத் தேர்வுக்கு அனுப்புவோம். ஆனா ஒண்ணு, இந்தத் தடவையாவது முடிச்சுட்டு வரச் சொல்லு."

கேட்டீர்களா, தாய்மார்களே? கூடைகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுங்கள்!

தலைவர் அவர்களே, தூரிகையைக் காயவிட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. பேச்சை நீட்டியதைப் பொறுத்த சான்றோர்களுக்கு நன்றி. பட்டையை உரித்துத் தாள் செய்தவருக்கும், பெயர் தெரியாத பிள்ளைக்காக ஊசி பிடித்த தாய்க்கும் நன்றி. நாளை விடியலில் வடக்கே புறப்படுகிறேன். தொக்போவைப் புதைத்த மேட்டில் உட்கார்ந்து இங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

தோற்றவர்களே, பின்வரிசையில் ஒடுங்கி உட்காராதீர்கள். நீங்கள் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று நினைத்தீர்கள். நாங்கள் அதை உடுத்தியிருந்தோம். உங்கள் அத்தனை பேருக்கும் ஓர் எளிய படைவீரனின் வணக்கம்!