செடிகளின் இரவு

தக்காளி வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் வரும் என்று டேல் சொன்னான். அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். எனக்குத் தக்காளி நன்றாக வரும். எங்கள் தெருவில் முதலில் பழுப்பது என் வீட்டில்தான்.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள், ஆபீசர். நான் மெதுவாகத்தான் பேசுவேன். இந்த வீட்டில் பேச்சு எப்போதுமே குறைவு. நானும் என் அக்கா ஹெல்வியும் இந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, முழுப் பனிக்காலத்தையும் கழித்திருக்கிறோம். மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அப்பா ஃபின்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒரே சொத்து இந்த மௌனம்தான் என்று ஹெல்வி சொல்வாள்.

போன வசந்தத்தில் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள், அது ஓரளவு கேட்டது. குமட்டலுக்குக் கொடுத்தது கேட்கவில்லை. எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடும். கோடை முடிவதற்குள் அவளுடைய மணிக்கட்டு என் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அடங்கியது.

டேல் எதிர்வீட்டுக்காரன். துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று சட்டம் வந்த வருடத்திலிருந்து நிலவறையில் வளர்க்கிறான்.

"ரெண்டு இழுப்பு இழுத்தா போதும் ஹெல்வி, பசி வந்துடும்," என்றான். "எங்க மாமா கடைசி மாசத்துல ஒரு முழு வாத்தைத் தின்னாரு. அத்தைதான் பட்டினி."

"எனக்கு வாத்தெல்லாம் வேண்டாம்," என்றாள் ஹெல்வி. "ஒரு கிண்ணம் மீன் சூப். அது உள்ளேயே தங்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

அந்த ஒரு கிண்ணத்துக்காகத்தான் எல்லாம். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்றைத் தருவித்தேன். ஆள் உயரம், உள்ளே வெள்ளி போலப் பளபளப்பு, மேலே ஒரு விளக்கு, வாசனையை இழுத்துக்கொள்ளக் கரி நிரப்பிய விசிறி. நிலவறையில் ஈரம் அதிகம், பூஞ்சணம் பிடிக்கும். என் அறை மாடியில், கூரை சரிவாக இருப்பதால் கூடாரம் நிற்காது. மீதி இருந்தது ஏரியைப் பார்த்த ஹெல்வியின் அறை. அவளே சொன்னாள்: "இங்கேயே வை. நானும் சும்மாதான் கிடக்கேன், அதுங்களும் சும்மாதான் நிக்கும். துணையா இருக்கட்டும்."

ஈரத் துணியில் சுற்றி வைத்த விதைகள் வால் விட்டபோது அவள் தலையணையில் சாய்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. முதலில் தண்ணீர் அதிகமாக ஊற்றி ஒன்றை அழுகவிட்டேன். டேல் தொட்டியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னான்: "புதுசா வளர்க்கறவங்க பாதிப் பேர் செடியைப் பாசத்தாலதான் கொல்றாங்க, ஐலி. கொஞ்சம் சும்மா விடு." இன்னொன்று ஆண் செடியாகப் போனது, அது நின்றால் மற்றவை விதை பிடித்துவிடும் என்று பிடுங்கிவிட்டோம். இரண்டு நின்றன. உங்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அறுபத்தெட்டு வயது. என் கையால் வளர்ந்து, என்னை மட்டுமே நம்பி ஒன்று நின்றது அதுதான் முதல் தடவை.

பூக்க வேண்டுமென்றால் செடிக்குப் பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் முழு இருட்டு. முழு இருட்டு என்றால் முழு இருட்டு. இடையில் ஒளிக்கீற்று பட்டால் செடி குழம்பிப்போகும். பெண் செடியே ஆண் பூவும் விட்டு, தன்னைத் தானே சூல்கொண்டு விதை பிடித்துவிடும். விதை பிடித்த மொக்கு பாழ். டேலின் மொக்குகளில் எப்போதும் விதை இருக்கும், பற்றவைத்தால் வெடிக்கும். அவன் அதைப் பொருட்படுத்த மாட்டான். அவன் அப்படித்தான்.

எங்கள் ஊரில் இரவில்தான் மின்சாரம் மலிவு. விளக்கின் சூடும் குளிர்ந்த இரவுக்குத்தான் உதவும். இங்கே வளர்ப்பவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாலையில் விளக்கு எரியும், காலையில் அணையும். ஆகவே எங்கள் பகல் செடிகளின் இரவானது.

ஒரு நாள் கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். தையல் ஓட்டைகள் வழியாகப் பகல் வெளிச்சம் நட்சத்திரங்கள் மாதிரி தெரிந்தது. மலிவான கூடாரம். ஒவ்வொரு ஓட்டையையும் அடைப்பதைவிட அறையையே இருட்டாக்குவது சுலபம். ஜன்னல் முழுவதும் அலுமினியத் தாளை ஒட்டினேன். கதவிடுக்கில் துண்டைச் செருகினேன்.

ஹெல்வி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு, "பகல்ல நான் என்னத்தைப் பார்க்கறது?" என்றாள்.

"தூங்கு."

"ராத்திரி இதுங்க விளக்கும் விசிறியும் தூங்க விடலை. பகல்ல நீ தூங்குங்கறே. நான் மனுஷியா வவ்வாலா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இருட்டாக இருந்தது.

ஹெல்வியைப் பார்க்க நர்ஸ் வீட்டுக்கு வரும் நாட்களில், அறைக்குள் யாரும் நுழையாதபடி அவளை முன்னறை நாற்காலிக்குக் கொண்டுவந்துவிடுவேன். அவளால் அதில் நீண்ட நேரம் உட்கார முடியாது. ஹெல்வி நர்ஸிடம் எதையும் சொல்லவில்லை. வெளியாளிடம் வீட்டுக் கதையைச் சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

அக்டோபரில் டேல் தன் உருப்பெருக்கியை எடுத்துவந்து மொக்குகளைப் பார்த்தான். பிசின் துளிகள் பால் மாதிரி வெளுத்திருந்தன. "வெட்டிடு," என்றான். "நோயாளிக்குத்தானே? கீழ்க் கிளையிலயாவது ரெண்டு வெட்டிக் காய வை."

தேன் நிறம் வரவேண்டும் என்றேன். அப்போதுதான் முழு வீரியம். படித்திருந்தேன்.

"ஹெல்வி, கேட்டுக்கோ. செடி வளர்க்கறவங்க கிட்ட எப்பக் கேட்டாலும் ஒரே பதில்தான். இன்னும் ரெண்டு வாரம்," என்றான் டேல்.

"சாவு வந்து கதவைத் தட்டினாலும் இவ அதைத்தான் சொல்லப்போறா," என்றாள் ஹெல்வி. பிறகு டேலை விட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "கடைத்தெருவுல இதுவே சொட்டு மருந்தா விக்குதாமே. ஒரு குப்பி வாங்கிட்டு வாயேன், ஐலி. இது வர்றப்ப வரட்டும்."

"என் டப்பாவுலேர்ந்து தர்றேன், இப்பவே," என்றான் டேல்.

இரண்டும் வேண்டாம் என்றேன். கடைச் சரக்கில் என்ன தெளித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். டேலுடையது விதைச் சரக்கு. வீட்டிலேயே நல்லது முதிர்ந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு மட்டமானதை எதற்குக் கொடுக்க வேண்டும்? வாசலில் டேல் ஏதோ முணுமுணுத்தான். அதன் பிறகு அவனைப் பகலில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கதவை ஒழுங்காகச் சாத்த மாட்டான்.

அதன் பிறகு ஹெல்வி எதையும் கேட்கவில்லை. சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள். தண்ணீரைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன், இருட்டில் அவள் உதட்டைத் தடவிக் கண்டுபிடித்து.

நீங்கள் அந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். வருகிறேன்.

அன்று காலை முதல் பனி விழுந்தது. சமையலறையில் நின்று அதைப் பார்த்தபடி, பனி வந்துவிட்டது என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"ராட்சதன் மேல விழுந்திருக்கா?"

ஏரிக்கு அப்பால் ராட்சதன் போல மல்லாந்து படுத்திருக்கும் மலையைத்தான் கேட்டாள். சிறுவயதில் முதல் பனி அன்று நாங்கள் இருவரும் அந்த ஜன்னலில் முழங்காலிட்டு, அவன் மூக்கு வெளுத்துவிட்டதா என்று பார்ப்போம்.

"விழுந்திருக்கு. நெஞ்சு வரைக்கும் வெள்ளை," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஏதோ விழுந்த சத்தம். பெரிய சத்தம் இல்லை. அவளிடம் எடையே இல்லையே.

எழுந்து கதவு வரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். காற்று ஈரமாக இருந்த வாரம் அது. மொக்கு அழுகிவிடுமோ என்று கூடாரத்தைத் திறந்தே வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் நடையிலிருக்கும் வெளிச்சம் நேரே செடிகள் மேல் விழும். அதனால் நின்றேன். அவள் முனகுவது கேட்டது. நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அப்போது கதவிடுக்கில், துண்டின் ஓரத்தில், வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பகல் வெளிச்சம். விழும்போது ஜன்னல் தாளைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

உடனே உள்ளே போனேன்.

ஜன்னலின் கீழ்ப்பாதி தாள் இல்லாமல் திறந்து கிடந்தது. பனி வெளிச்சத்தில் கண் கூசியது. ஹெல்வி தரையில் ஒரு கால் மடங்கிக் கிடந்தாள். அந்தக் கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. ஆனால் அவள் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. "பாருடி," என்றாள். "பொய் சொல்லியிருக்கே. மூக்கு மட்டும்தான் வெள்ளை."

நான் அவளைத் தாண்டிப் போய்த் தாளை எடுத்து ஒட்டத் தொடங்கினேன். அவள் என் கணுக்காலைப் பிடித்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும், ஐலி."

காலை விடுவித்துக்கொண்டேன். முரட்டுத்தனமாக இல்லை. டேப் நன்றாக ஒட்டியதா என்று விளிம்பு முழுவதும் விரலால் தடவிப் பார்த்தேன். கட்டிலிலிருந்து போர்வையை எடுத்து அவள் மேல் போட்டேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தித் துண்டைச் செருகினேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம், உண்மைதான். அவர்கள் வந்தால் விளக்கைப் போடுவார்கள். இருட்டில் ஆளைத் தூக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு தடவை வெளிச்சம் பட்டாகிவிட்டது. இன்னொரு தடவை பட்டால் இத்தனை மாதமும் வீண். அவளுக்காக வளர்த்தது அவளாலேயே வீணாகிவிடக் கூடாது.

"ஐலி," என்று கூப்பிட்டாள்.

"என்ன?"

"தரை ஜில்லுனு இருக்குடி."

"போர்வையை இழுத்துக்கோ. சாயங்காலம் விளக்கு எரிஞ்சதும் வந்து தூக்கறேன்."

"உன் பிள்ளைங்க முழிச்சப்புறமா?"

"ஆமா."

"சரி. பாவம், எழுப்பிடாதே."

அவள் ஒத்துக்கொண்டாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்காலியை நடையில் போட்டு, கதவருகே உட்கார்ந்து புத்தகம் படித்தேன். அவளும் அதற்குப் பிறகு பேசவில்லை. நாங்கள் வழக்கமாக இருப்பது போலத்தான் இருந்தோம், நடுவில் மேசைக்குப் பதில் ஒரு கதவு. இப்போது நினைத்தால், அந்தக் குளிர்காலங்களில்கூட அவள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்கும். அன்று அது இல்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு என் பக்கத்தைப் புரட்டினேன்.

மாலையில் விசிறி சுழலும் சத்தம் கேட்டதும் உள்ளே போனேன். முதலில் செடிகளைத்தான் பார்த்தேன். நீங்கள் கேட்காமல் நானே சொல்கிறேன். உருப்பெருக்கியில் பிசின் தேன் நிறத்தில் இருந்தது. அன்றுதான் வந்திருந்தது. பிறகு குனிந்து ஹெல்வியைத் தொட்டேன். போர்வை நான் போட்ட இடத்திலேயே இருந்தது. அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்க முடியாது என்று போடும்போதே எனக்குத் தெரியும்.

செடிகளை வெட்டி, இலைகளைக் கத்தரித்து, கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அதன் பிறகுதான் போன் செய்தேன். வருகிறவர்கள் கைபட்டு எதுவும் கசங்கிவிடக் கூடாதே.

வந்த மருத்துவர் என்னைப் பார்க்காமல் உங்களிடம் ஒரு சொல் சொன்னார். அலட்சியம் என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மற்ற எதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. கதவைச் சாத்தியது நான், தாளை ஒட்டியது நான், அவள் சாகிறாள் என்று தெரிந்தே உட்கார்ந்து படித்தவள் நான். அந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அறையில் மொக்குகள் இன்னும் தொங்குகின்றன. எது வேண்டுமானாலும் எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். எதிலாவது ஒரே ஒரு விதை இருந்தால், அலட்சியம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.