ரேஸ் சைக்கிளில் பெல்

— இன்னும் இருபத்தாறு மணி நேரம்தான் இருக்கு, புஷ்பவல்லி ஆன்டி.

— எண்ணிட்டு வேற வந்திருக்கியா? ஞாயித்துக்கிழமை விடிஞ்சும் விடியாம சைக்கிளோட வந்து கேட்ல நின்னுக்கிட்டு...

— நாளைக்கு ஒம்போது மணிக்கு பண்டாரான் லோரி வந்துரும். மாநகர மன்றத்தோட நாய் புடிக்கிற லோரி.

— வரட்டும். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க வேடிக்கை பார்க்கட்டும். நீ அந்த சைக்கிள் பொண்ணுதானே?

— ஆமா. தவமணி.

— என் நாய் தினம் வெரட்டுதுன்னு பண்டாரானுக்கு எழுதிப் போட்ட புண்ணியவதி!

— நான் எழுதல, ஆன்டி. எதிர்வீட்டு சபாபதி அங்கிள்தான் எழுதினாரு. என்னைக் கேக்கவே இல்ல.

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?

— அவர் எழுதலேன்னாலும் வந்திருப்பாங்க, ஆன்டி. புதுச் சட்டம். டோபர்மேன், ரொட்வைலர் மாதிரி பெரிய ஜாதி எதையும் கோலாலம்பூர்ல வீட்டுல வச்சிருக்கக் கூடாதாம்.

— சட்டம் போட்டவன் சார்ஜனைப் பார்த்திருக்கானா? ஏய் சார்ஜன், சும்மா இருடா! பயப்படாத புள்ள, உள்ளதான் இருக்கு. கொண்டி போட்டிருக்கேன்.

— எனக்குப் பயம் இல்ல.

— இல்லையாம்! தினம் காலையில நீ பறக்குறதை நான் பார்க்கலயா? முன்னால நீ, பின்னால அது. ஸ்கொட் ரோடு முனை வரைக்கும் ஒரே ஓட்டம்.

— அந்த நேரத்துல கேட் எப்படி ஆன்டி தினம் தொறந்து கிடக்குது?

— கொண்டி சரியில்ல லா. பழசு. அதை விடு, நீ ஏன் தினம் இந்த ரோட்டுலயே வர்ற? வேற ரோடு இல்லையா?

— இது... ஷார்ட் கட்.

— எங்க போறதுக்கு?

— ...சார்ஜனை எங்க அனுப்பப் போறீங்க, ஆன்டி?

— எங்கயும் இல்ல. பாத்ரூம்ல போட்டுப் பூட்டிட்டு, நாய் செத்துப்போச்சுன்னு சொல்லிருவேன்.

— அவன் குரைச்சா ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்.

— அவனா? நானே அதுன்னுதான் சொல்றேன். வாயைக் கட்டிருவேன்.

— யாரு கட்டுறது?

— அதுதான்... நேத்து பின்தெரு நாகையா லோரி கொண்டாந்தாரு, ரவாங்ல யாரோ தெரிஞ்சவங்க வீட்டுல விட்டுடலாம்னு. ஏத்தவே விடல. அவர் சிலுவார் கிழிஞ்சதுதான் மிச்சம். பின்பக்கம் பூரா காத்தோட்டம். நியூஸ்பேப்பரைப் புடிச்சு மறைச்சிக்கிட்டே வீட்டுக்குப் போனாரு, பாவம்.

— சிரிக்கிறீங்க...

— சிரிக்காம என்ன செய்ய? அழுது முடிச்சாச்சு. புடிச்சிட்டுப் போனா ஊசிதான் போடுவாங்களாம்.

— தெரியும். அதனாலதான் வந்தேன். லோரி வேணாம், ஆன்டி. நான் கூட்டிட்டுப் போறேன்.

— எதுல?

— சைக்கிள்ல.

— அது என்ன கோழிக்குஞ்சா, கூடையில வச்சுக்கிட்டுப் போக?

— நான் முன்னால ஓட்டுவேன். அவன் பின்னால ஓடி வருவான். பத்துமலை தாண்டினதும் எங்க மாமா பாலனோட தோட்டம். அது சிலாங்கூர் மாநிலம், இந்தச் சட்டம் அங்க இல்ல. சுத்தி வேலி போட்டிருக்கு. மாமா சரின்னுட்டாரு.

— என்ன தோட்டம்? கோழி வளர்க்கிறாரா?

— கறிவேப்பிலை.

— நல்லவேளை. ஆனா பத்துமலை என்ன பக்கமா? முட்டி நல்லா இருந்த காலத்துல தைப்பூசத்துக்கு இங்கிருந்து நடந்தே போயிருக்கேன். காலு கழண்டுபோகும்.

— நடுநடுவுல நின்னு தண்ணி குடுப்பேன். போத்தல் கட்டியிருக்கேன், பாருங்க. ஞாயிறுன்னா ரோடு காலி. வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துரலாம்.

— எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க.

— ஆமா.

— பார்த்தா வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்க... முடியாது, போ.

— ஏன்?

— ஸ்கொட் ரோடு முனை வரைக்கும்தான் அது ஓடும். அதுக்கு மேல ஒரு அடி வைக்காது. பஸ்சும் லோரியும் போற ரோட்டுல அதை விட்டுட்டு வந்து, ‘சாரி ஆன்டி’ம்ப.

— நிக்க மாட்டான்.

— எப்படித் தெரியும்?

— தெரியும்.

— நான் வளர்த்த நாயைப் பத்தி எனக்கே சொல்றா! தினம் உன்னைக் கடிக்க ஓடி வர்ற நாய் அது.

— ஒருநாளாவது கடிச்சிருக்கானா?

— நீ வேகமா ஓட்டித் தப்பிச்ச.

— அவன் நினைச்சா என்னைப் புடிச்சிருவான், ஆன்டி. எத்தனையோ நாள் என் காலுக்கு நேராவே ஓடி வந்திருக்கான். மேல படாம தள்ளித்தான் ஓடுவான்.

— ம்... இரு, ஒண்ணு கேக்கணும். இது ரேஸ் சைக்கிள்தானே?

— ஆமா.

— மட்கார்டு இல்ல. லைட்டு இல்ல. ஸ்டாண்டுகூட இல்ல. பெல்லு மட்டும் எதுக்கு, தேங்கா மூடி கணக்கா?

— கோச்சும் அதைத்தான் கேட்டாரு. வீண் வெயிட்டு, கழட்டுன்னு திட்டினாரு.

— ஏன் கழட்டல?

— சொன்னா நீங்களும் திட்டுவீங்க.

— திட்டுவேன். சொல்லு.

— தனியா ஓட்டினா எனக்கு வேகம் வராது, ஆன்டி. போன வருஷம் ஒருநாள் சார்ஜன் வெரட்டினான். உயிர் போற மாதிரி ஓட்டினேன். முனை தாண்டி நின்ன கோச், வாட்ச் கெட்டுப்போச்சோன்னு தட்டிப் பார்த்தாரு. மறுநாள் நான் வந்தப்ப அவன் படுத்திருந்தான். அதனால...

— அதனால?

— பெல் அடிச்சேன். எழுந்து ஓடி வந்தான். அன்னையிலேர்ந்து தினமும் நான்தான் கூப்பிடுறேன். அடிச்சுக்கிட்டே போனா வருவான். பெரிய ரோட்டுக்கு வந்துரக் கூடாதுன்னு முனையில பெல்லை நிறுத்திருவேன். அவனும் நின்னுருவான். இன்னைக்கு நிறுத்தாம அடிச்சா, பத்துமலைக்கும் வருவான். என்னை ஸ்டேட் டீம்ல எடுத்திருக்காங்க. அவனாலதான். இதையெல்லாம் பண்டாரான் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன், ஆன்டி. எனக்குப் பேசவே வராது, ஆனாலும் சொன்னேன். கடிச்சாலும் கடிக்கலேன்னாலும் சட்டம் சட்டம்தான்னுட்டாங்க. இப்ப திட்டுங்க, ஆன்டி.

— நேரம் இல்ல. வெயில் ஏறுது. சார்ஜன், வாடா இங்க... தலையைக் குடு. அங்க போய் மானத்தை வாங்காத. கறிவேப்பிலையைப் புடுங்கினேன்னு கேள்விப்பட்டேன், தெரியும்... ம், போதும். தவமணி, ஞாயித்துக்கிழமையானா நான் பஸ் ஏறி வந்துருவேன். உங்க மாமாகிட்ட சொல்லிடு.

— சொல்றேன். நானும் இனிமே தினம் அந்தப் பக்கம்தான் ஓட்டப் போறேன்.

— சைக்கிளைத் திருப்பு. பெல்லுல கையை வை.

— கொண்டி கையில குத்திரப் போகுது, ஆன்டி. பழசுன்னீங்களே... அட, இது புதுசா இருக்கு?

— புதுசுதான். அந்த முதல் நாள்தான் பழசு உடைஞ்சிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே நாகையா மாத்திக் குடுத்துட்டாரு.

— அப்ப... அதுக்கப்புறம் தினமும் கேட் எப்படி?

— இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க அவனை ஓட வைக்கிறது? அன்னைக்கு உன் பின்னால அவன் ஓடினதைப் பார்த்தேன்... நீ பெல் அடிக்கிற சத்தம் வந்ததும், தினமும் கொண்டியை எடுத்து விட்டது நான்தான். ம், அடி.